முகம் எழுதும் வகுப்பு: திருகோணமலையில் எட்டுச் சனிக்கிழமைகள்

திருகோணமலையில், டச் பே கடற்கரையை நோக்கியிருக்கும் பழைய மாடி வீடொன்றின் மேல்தளத்தில், ஓய்வு பெற்ற சித்திர ஆசிரியை ஒருவர் நடத்தும் தன்னுருவ ஓவிய வகுப்பில் எட்டுச் சனிக்கிழமைகள் கற்று முடித்திருக்கிறேன். தன்னைத் தானே வரைவதும், வரைந்த கையோடு தன்னைப் பற்றி எழுதுவதும் அங்கே ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தம் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாமென்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. அந்த வீதியில் 'முகம் கீறுகிற வகுப்பு' என்று கேட்டால் வழி சொல்லுவார்கள். எட்டு வாரங்களுக்கும் சேர்த்து 14,000 ரூபா. நிறங்களும் கடதாசியும் அதற்குள் அடங்கும். கடைசி இரண்டு வாரங்களுக்கான கன்வஸை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். காலை எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். எங்கள் தொகுதியில் பதினொரு பேர் இருந்தோம்.

இந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் அந்த வகுப்பு தகுமா என்று என்னிடம் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தீர்ப்பு அதையொட்டியே அமையும். நான் அரச அலுவலகமொன்றில் அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் பதினேழு வருடங்கள் இருந்தவள். விண்ணப்பத்தோடு வரும் படத்தில் முகம் நேராக இருக்கிறதா, காதுகள் தெரிகின்றனவா, கண்ணில் நிழல் விழுந்திருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சிரித்தபடி எடுத்த படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முகங்கள் என் கைவழியே போகும். அவற்றில் ஒன்றைக்கூட மாலையில் நினைவுபடுத்திச் சொல்ல என்னால் இயலாது. மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிறகு, ஒரு நாள் வீட்டுக் கண்ணாடியில் என் முகத்தையும் அதே கண்ணால், ஏற்கத்தக்கதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்பதை உணர்ந்தேன். அது என்னைக் கலக்கியது. அடுத்த கிழமையே பெயரைப் பதிந்தேன்.

முதல் சனிக்கிழமை தூரிகையைத் தொடவிடவில்லை. ஆளுக்கொரு தடித்த கொப்பி தந்து, கண்ணாடி பாராமல், நினைவிலிருந்து எங்கள் முகத்தை ஒரு பக்கத்துக்கு விவரிக்கச் சொன்னார். நான் மளமளவென்று எழுதிவிட்டேன்: நீள்வட்ட முகம், மாநிறம், வலது புருவத்தில் தழும்பு. வாசித்துப் பார்த்த ஆசிரியை, "இது நல்ல அறிக்கை, பிள்ளை. ஆள் எங்கே?" என்று மட்டும் கேட்டார். பக்கத்திலிருந்த ஓய்வு பெற்ற தபால் அதிபர் ஐயா தம்முடைய பக்கம் முழுவதும் 'அப்பாவின் மூக்கு', 'தம்பியின் நெற்றி', 'பேரனுக்கும் இதே காது' என்று எழுதியிருந்தார். அவருடைய முகத்தில் அவருக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொருவரும் பிறரிடமிருந்து வாங்கிய சொற்களால்தான் தம் முகத்தை நிரப்பி வைத்திருக்கிறோம் என்பது அந்த முதல் மணித்தியாலத்திலேயே வெளியாகிவிட்டது. ஆசிரியை அதைப் பற்றி விரிவுரை நடத்தவில்லை. கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு துண்டுச் சவர்க்காரம் கொடுத்தார்.

அந்தச் சவர்க்காரப் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். மேசையில் சாய்த்து வைத்த கண்ணாடிக்கு முன்னால் கை நீட்டும் தூரத்தில் இருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தின் வெளிக்கோட்டைச் சவர்க்கார நுனியால் அந்தக் கண்ணாடியின் மேலேயே கீற வேண்டும். கீறி முடித்ததும் அடிமட்டத்தால் அளக்க வேண்டும். நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து நாடி வரை என் முகம் 18 சென்ரிமீற்றர். கண்ணாடியில் நான் கீறியது ஒன்பது. எல்லாருக்கும் சரிபாதிதான் வந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி கீறினால் சிறிதாகும் என்று பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னேன். மறுபடியும் ஒன்பதே வந்தது. பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால், நாம் முன்னால் இருக்கும் அதே தூரத்தில் இருக்கிறது. கண்ணாடி இரண்டுக்கும் நட்ட நடுவில் நிற்கிறது. ஆதலால் எவ்வளவு தூரம் போனாலும் அதன் மேற்பரப்பில் விழும் முகம் அரைப் பங்காகவே இருக்கும். சாதாரண வடிவொத்த முக்கோணக் கணக்கு. ஆனாலும் ஐம்பது வருடமாகத் தினமும் தலை வாரிய கண்ணாடியில் என் முகம் உள்ளங்கையளவுதான் தெரிந்தது என்பதை நான் ஒரு நாளும் காணவில்லை. பார்ப்பது வேறு, தெரிந்து வைத்திருப்பதைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகவும் மலிவாகவும் கற்பிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள் பென்சிலுக்கு. கண்கள் தலையின் உயரத்தில் நடுப்பகுதியில் இருக்கின்றன என்பதை முதற்றடவை கேட்பவர்கள் நம்புவதில்லை; புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் கண்களை மேலே ஏற்றி, நெற்றியையும் உச்சியையும் சுருக்கிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். இந்த இரண்டு வாரமும் எந்தப் பாடசாலைச் சித்திர வகுப்பிலும் கிடைக்கக்கூடியவையே. பொறுமையாகச் சொல்லித் தந்தார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நிறத்துக்கு வந்தபோதுதான் வகுப்பு மீண்டும் உயிர் பெற்றது. எங்கள் பிள்ளைக்காலத்து நிறப் பெட்டிகளில் 'தோல் நிறம்' என்று ஒரு வெளிறிய ரோசா இருந்ததும், நம்மில் எவருடைய தோலும் அந்த நிறமில்லை என்பது தெரியாமல் அம்மாவையும் அப்பாவையும் அதனாலேயே தீட்டியதும் எல்லாருக்கும் நினைவில் இருந்தன. ஆசிரியை செம்பழுப்பான பேர்ன்ட் சியன்னா, மண்மஞ்சளான யெலோ ஓக்கர், அல்ட்ராமரைன் நீலம், ஒரு சிவப்பு, டைட்டேனியம் வெள்ளை ஆகிய ஐந்தை மாத்திரம் மேசையில் வைத்தார். கறுப்பை வெளியே எடுக்கவே இல்லை. நிழலுக்குச் சியன்னாவோடு நீலத்தைக் கலந்தால், கறுப்பைவிட ஆழமான, உயிருள்ள இருட்டு கிடைக்கிறது. ஒளி விழும் இடத்துக்கு வெள்ளையை அள்ளிச் சேர்த்தால் மாநிறத் தோல் சுண்ணாம்பு பூசிய சுவர் போலாகிவிடுகிறது. அங்கே ஓக்கரும் சிவப்பும் கொண்டு ஏற்றி, வெள்ளையைக் கடைசியில் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். இதைச் செய்து பார்த்தபோது ஒன்று கண்டேன். காலை ஒன்பது மணியளவில் கடலிலிருந்து எழும் ஒளி யன்னல் வழியே வந்து என் நாடியின் கீழ்ப்பக்கத்தில் மெல்லிய சாம்பல் நீலமாகப் படிந்திருந்தது. என் தோலில் நீலம் இருக்கிறது என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். கண்ணாடியில் அதைப் பார்த்தபடி ஒரு துளி நீலத்தைக் கலந்து தாளில் வைத்ததும், தட்டையாகக் கிடந்த நாடி கழுத்திலிருந்து பிரிந்து முன்னே வந்து நின்றது. அன்று எழுதும் நேரத்தில் அந்த ஒரு துளியைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினேன். 'கறுப்பு' என்று வீட்டில் செல்லமாகவும் வெளியே அப்படியல்லாமலும் என்னை அழைத்தவர்கள் யாரும் இந்த நிறத்தைப் பார்த்ததில்லை என்பதில் அந்தக் குறிப்பு போய் முடிந்தது.

வரைவதையும் எழுதுவதையும் இப்படிப் பிணைத்திருப்பதுதான் இவ்வகுப்பின் உண்மையான பெறுமதி. பிணைப்புக்கு ஆசிரியை வெளியே எங்கும் போகவில்லை. நம் மொழியிலேயே அதற்கு இடமிருக்கிறது. தமிழில் ஓவியத்தையும் 'எழுதினார்' என்றுதான் பழையவர்கள் சொன்னார்கள். கண்ணுக்கு மை எழுதுகிறோம்; கோலத்தையும் எழுதுகிறோம் என்கிற வழக்குண்டு. ஒரே வினைச்சொல்லை வகுப்பறைக்கு வெளியே இரண்டாகப் பிரித்துவிட்டோம், இங்கே அதை ஒன்றாக்கிக்கொள்ளுவோம் என்றார். நல்ல சொல், எட்டு வாரமும் அதற்கு உண்மையாக நடந்துகொண்டார்.

ஒவ்வொரு வகுப்பிலும் வரைந்து முடித்த கையைக்கூடக் கழுவாமல் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். பேனையை நிறுத்தக்கூடாது, எழுத்துப் பிழை பார்க்கக்கூடாது, கொப்பியை ஒருவரும் வாங்கிப் பார்க்கமாட்டார்கள். நாட்குறிப்பு எழுதுவது நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்தார். ஆனால் அவர் எழுதியது பெரும்பாலும் துறைமுகமும் வியாபாரமும் அரசியலும் தம்மைச் சுற்றி நடந்தவையும். தனக்குள் நடப்பதைத் தானே பார்த்து எழுதும் பழக்கம், குறைந்தது நான் வளர்ந்த வீட்டில், இருந்ததில்லை. அதற்கு ஆசிரியை தந்த தூண்டுகோல்கள் சிறந்தவையாக இருந்தன. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் சொல்லும், உடலில் வெளிப்படும் எட்டு உணர்ச்சிகளான மெய்ப்பாடுகளையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் உங்கள் முகத்தில் கடைசியாக எப்போது வந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதச் சொன்ன நாளை மறக்கமாட்டேன். அச்சத்துக்கும் வெகுளிக்கும் எனக்கு உடனே நாளும் கிழமையும் வந்தன. பெருமிதத்துக்கு நேரே வெற்றிடமாகவே விட்டுவிட்டு வந்தேன். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று தபால் அதிபர் ஐயா சொன்னபோது, அகத்தை மறைக்கவும் முகத்தைத்தானே பயன்படுத்துகிறோம் என்று ஆசிரியை பதில் சொன்னார்.

ஐந்தாம் வாரத்தில் என் வாய் எனக்குச் சரியாக வரவில்லை. மூக்கும் கண்ணும் ஒருவாறு பொருந்தியிருந்தன. உதடுகளை எப்படி வரைந்தாலும் வேறொரு பெண்ணின் உதடுகளாக இருந்தன. "வாயை வரையாதே, வாயைச் சுற்றியுள்ள நிழலை வரை" என்றார் ஆசிரியை. அப்படிச் செய்தபோது இடது ஓரத்தில், உதடு முடியும் இடத்தில், உள்ளே இழுத்துப் பிடித்த ஒரு சிறு குழி தெரிந்தது. அது சிரிப்புக் குழியன்று. பற்களை நெரித்து வைத்திருப்பதால் வருகிற குழி. வலது பக்கத்தில் அது இல்லை. அன்றைய பதினைந்து நிமிடத்துக்குரிய கேள்வி, 'இந்த முகம் யாருக்காகத் தயாராகி நிற்கிறது?' என்பது. எழுதத் தொடங்கிய மூன்றாம் வரியிலேயே நான் வரிசையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். பதினாறு வயதில் முதல் அடையாள அட்டை கிடைத்ததிலிருந்து, பஸ்சிலிருந்து இறங்கி, பையைத் திறந்து, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற சோதனைச்சாவடி வரிசைகள். பார்ப்பவர் அட்டையைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார். அந்தச் சில விநாடிகளுக்கு முகம் படத்தைப் போலவே இருக்க வேண்டும். ஒன்றும் அதில் அசையக்கூடாது. போர் முடிந்த 2009 வரை என் இளமை முழுவதும் அந்த விநாடிகளால் தைக்கப்பட்டிருந்தது. அதன் பின் நானே மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்து, மற்றவர்களின் வாய் மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். இதை நான் அந்தக் கொப்பியில் எழுதும் வரை நினைத்ததேயில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவின் பெட்டியைக் கிளறினேன். நான் சிறுவயதிலிருந்தே அழுத்தக்காரி என்று அம்மா சொல்லி வந்திருக்கிறார். நானும் அது பிறவிக் குணமென்று எடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் கன்னியா வெந்நீரூற்றில் எடுத்த படமொன்று கிடைத்தது. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வாய் நிறையப் பல் தெரியச் சிரிக்கிறேன். உதட்டின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி விரிந்திருக்கின்றன. என் கடைசி ஓவியத்தில் அந்த இடது குழியை மறைக்காமலேயே வரைந்தேன். ஆனால் அது எப்போது வந்தது என்பதை இப்போது தெரிந்துகொண்டு வரைந்தேன், அதனால் கை நடுங்கவில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவற்றை மென்று விழுங்கினால் நான் எழுதும் பாராட்டுக்கும் மதிப்பிராது.

பெரிய குறை ஆறாம் வாரத்தில் நடந்தது. விரும்பியவர்கள் தாம் எழுதியதை வாசிக்கலாம் என்று அன்று அறிவிக்கப்பட்டது. பதினொரு பேர் வட்டமாக இருக்கும் அறையில் 'விரும்பியவர்கள்' என்பதற்குப் பெரிதாக அர்த்தமில்லை. ஒருவர் வாசித்ததும் அடுத்தவர் வாசிக்க வேண்டியவராகிறார். தம் முகத்தில் அக்காவின் சாயல் இருப்பதால் கண்ணாடியைத் தவிர்த்து வந்ததாக எழுதியிருந்த சகோதரி ஒருவர், சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நிலாவெளியில் நடந்ததை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். யாரோ ஒருவர் பின்னால் ஓடினார். மற்றவர்கள் தேநீர் குடித்தோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை. எட்டாம் வாரம்தான் வந்தார். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், துயர அனுபவங்களை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக அடுத்தடுத்து நான்கு நாட்கள் எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே சென்றார்கள் என்று கண்டார்; ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் முன்பைவிடப் பாரமாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிந்திருக்கிறது. பதினைந்து நிமிடக் கணக்கை எடுத்துக்கொள்பவர்கள் அந்தப் பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த ஆய்வில் எழுதியவர்கள் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை என்பதும் முக்கியம். போரையும் சுனாமியையும் கண்ட மாவட்டத்தில், முகத்தை உற்றுப் பார்த்து எழுது என்று சொல்லும் எந்த வகுப்பும், உளநலப் பயிற்சி பெற்ற ஒருவரைத் தொலைபேசித் தூரத்திலாவது வைத்திருக்க வேண்டும். ஆசிரியையிடம் இதை நேரில் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை, தாம் ஆற்றுப்படுத்துநர் அல்லர் என்றும், அடுத்த தொகுதியில் வாசிப்பை நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னார். வாசிப்பை நிறுத்துவது பாதி மருந்துதான். மறுபாதிக்கும் அவர் வழி பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது குறை, எங்களுக்குக் காட்டிய ஓவியர்களைப் பற்றியது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1484இல், பதின்மூன்று வயதில் கண்ணாடி பார்த்து வரைந்த தன்னுருவத்தைக் காட்டினார். நாற்பது வருடத்தில் ஏறத்தாழ எண்பது தடவை தன்னை வரைந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், முதுமை ஏற ஏற எப்படித் தம் முகத்துக்கு விட்டுக்கொடுக்காமல் வரைந்தார் என்று விளக்கினார். 1925இல் பஸ் விபத்தில் சிதைந்து படுக்கையில் கிடந்தபோது கட்டிலுக்கு மேலே பொருத்திய கண்ணாடியைப் பார்த்து வரையத் தொடங்கிய மெக்சிக்கோ ஓவியர் பிரீடா காலோவையும் காட்டினார். வான் கோ பற்றிச் சொன்னது மிகப் பயனுள்ளதாக இருந்தது: அவர் வெட்டிக்கொண்டது இடது காது; 1889 ஜனவரியில் வரைந்த ஓவியங்களில் கட்டு வலப் பக்கத்தில் இருப்பது கண்ணாடி இடம் வலம் மாற்றியதால். என் புருவத் தழும்பும் கன்வஸில் இடம் மாறியிருந்ததைக் கண்டு நான் குழம்பியது அதன் பிறகுதான் தெளிந்தது. இவ்வளவும் நல்லதுதான். ஆனால் மாநிறத் தோலைத் தீட்டத் திணறிக்கொண்டிருந்த எங்களுக்கு, 1941இல் இருபத்தெட்டு வயதில் இறப்பதற்கு முன் தன்னைப் பல தடவை வரைந்து சென்ற இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்கிலைக் காட்டியிருக்கலாம். 1943இல் கொழும்பில் உருவான ஓவியர் அமைப்பான '43 குழு' பற்றியோ, அதில் இருந்த ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல போன்றவர்கள் நம்மவர் முகங்களை எந்த நிறங்களில் கண்டார்கள் என்பது பற்றியோ, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேருக்கு ஓவியம் கற்பித்த மாற்கு பற்றியோ ஒரு சொல்லும் வரவில்லை. ஆசிரியைக்கு இவர்களைத் தெரியாமலில்லை. தனியே கேட்டபோது நெடுநேரம் பேசினார். வகுப்புக்குள் கொண்டு வந்திருக்க வேண்டும்.

இடவசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யன்னல்கள் கிழக்கைப் பார்த்தவை; பத்தரை மணிக்குப் பின் வெயில் ஏறி, ஒன்பது மணிக்கு வரைந்த நிழல் பொய்யாகிவிடுகிறது. ஒரு வெள்ளைத் திரை போதும். ஆறு வாரம் கேட்டும் வரவில்லை. நாங்கள் கற்றது ஆனி, ஆடி மாதங்களில். கச்சான் காற்று வீசும் அந்த நாட்களில் அக்ரிலிக் நிறம் தட்டில் வைத்துத் திரும்புவதற்குள் தோலாகிவிடும். பிந்தித்தான் தட்டில் நிறத்துக்கடியில் ஈரத்துணி விரிக்கும் வழியைச் சொல்லித் தந்தார், அதற்குள் பாதிக் குழாய் வீணாகியிருந்தது. மாடிப்படி செங்குத்தானது, கைபிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வருத்தமுள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ் விறாந்தையில் மேசை போட்டுத் தருகிறார்கள்.

ஆனாலும் ஆசிரியையின் பெருந்தன்மையைக் காட்டும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்த முஸ்லிம் ஆசிரியை ஒருவர், உயிருள்ளவற்றின் முகத்தை வரைவதில் தமக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் வகுப்பின் மற்ற எல்லாவற்றிலும் விருப்பமுண்டு என்று முதல் நாளே சொன்னார். ஒரு கேள்வியும் எழவில்லை. எட்டு வாரமும் அவர் தம் வாழ்வைத் தாங்கும் பொருள்களையே வரைந்தார்: மூத்த மகனின் தையல் விட்ட புத்தகப்பை, வெண்கட்டித் தூள் படிந்த பலகைத் துடைப்பான், உம்மா விட்டுச் சென்ற பாக்குவெட்டி. ஒவ்வொன்றையும் பற்றித் 'தன்னுருவம்' என்று தலைப்பிட்டு எழுதினார். பாக்குவெட்டியின் பிடியில் உம்மாவின் பெருவிரல் தேய்த்த பள்ளத்தில் தம் பெருவிரல் சரியாகப் பொருந்துகிறது என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை எனக்குத் தனியே காட்டினார். அந்தப் பள்ளத்தை அவர் ஓக்கரிலும் சியன்னாவிலும் மூன்று நாள் இருந்து தீட்டினார். அந்தத் தொகுதியில் தன்னை மிக நெருங்கிப் பார்த்தவர் அவர்தான் என்று நான் நம்புகிறேன்.

கடைசி நாள் ஓவியங்களைச் சுவரில் சாய்த்து வைத்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்றின் முன் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றோம். மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை. சான்றிதழ் தேவைப்படுபவர்கள் இங்கே வர வேண்டாம். படத்தை அச்சொட்டாக வரையும் திறன் எட்டு வாரத்தில் வந்துவிடும் என்று எண்ணுபவர்களும் ஏமாறுவார்கள். என் ஓவியத்தில் ஒரு காது இன்னும் தாழ்ந்தே நிற்கிறது. தன் முகத்தைப் பார்க்கப் பொறுமையும், பார்த்ததை எழுத ஒரு கொப்பியும், கொஞ்சம் துணிவும் உள்ளவர்களுக்கு 14,000 ரூபா நியாயமான தொகை. அண்மையில் உறவொன்றை இழந்தவர்கள் மட்டும், ஆசிரியை நான் மேலே சொன்ன ஏற்பாட்டைச் செய்துவிட்டாரா என்று முதலில் கேட்டு, பிறகு சேர்வது நல்லது.

சேர்பவர்கள் முதல் நாளே பழைய சட்டையோடு போங்கள். சியன்னா துணியிலிருந்து போகாது. குறைந்தது ஓரடி உயரமுள்ள முகம் பார்க்கும் கண்ணாடியை வீட்டிலிருந்து கொண்டு செல்லுங்கள். அங்கே இருக்கும் பன்னிரண்டில் மூன்று ரசம் போனவை, பிந்தி வருபவர்களுக்கு அவைதான் மிஞ்சும்.